இரண்டாம் ஆட்டம்

போஸ்டரில் 'ஏ' எழுத்தின் மேல்
யாரோ சாணி அப்பியிருந்தார்கள்.
துடைத்துவிட்டு கேட்டில் நின்றேன்.
மண்டபத்தில் தடைக்காலம்.
படகுகள் கரையில், பையன்கள் தியேட்டர் வாசலில்.

ஆரோன் மீசைக்கு மை தீட்டி வந்திருந்தான்.
வேர்வையில் அது உதட்டுக்கு இறங்கியது.
"வயசு என்னடா?"
"விசைப்படகுல ஐஸ் ஒடைக்க ஏத்துனப்ப
யாரும் கேக்கலயேண்ணே."
என்னிடம் பதில் இல்லை.
அவனுக்கு டிக்கெட்டும் இல்லை.

உள்ளே பதினொரு பேர்.
மூவர் தூக்கம்.
ஐஸ் கம்பெனிக் கணக்குப்பிள்ளையும் மனைவியும்
நடுவில் ஒரு நாற்காலி விட்டு.

காதல் படம்தான்.
ஒரே ஒரு முத்தம்,
அதிலும் வெட்டியது போகப் பாதி.
அது வரும் நேரம் பார்த்து
ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று
எழுந்து போய்விடுவேன் தினமும்.
எனக்கு நாற்பத்து மூன்று.
சட்டப்படி எந்தத் தடையும் இல்லை.

இன்றும் போனேன்.
பின்சுவரில், காற்றாடி ஓட்டைக்குக் கீழே
ஆரோனும் இன்னும் நாலு பேரும்
காதை ஒட்டி நின்றார்கள்.
விரட்டத்தான் வாயெடுத்தேன்.
திடீரென்று உள்ளே வசனம் நின்று
வயலின் மட்டும் கேட்டது,
கொஞ்சம் கடலும்.

"அண்ணே, இப்ப அவ என்ன செய்யுறா?"

அழுகிறாள் என்றேன்,
பார்த்தவனைப் போல.