கேள்வி 64

பேர்ண், மூன்றாம் மாடி.
தண்ணீர்க் குவளைக்கும் திசுப் பெட்டிக்கும் நடுவில் வைத்து
என்னிடம் கேட்டார்கள்: யார் செய்தது?

அதற்கு முன், நடைவழியில்,
மொழிபெயர்க்க வந்த மகேசமூர்த்தி கேட்டிருந்தார்:
"எவடம் பிள்ளை?"
ஊர் சொன்னேன்.
"ஊரில எந்தப் பக்கம்? கோயிலுக்கு மேற்கையோ?"
மேற்கு என்றேன்.
நீட்டிய கையை எடுத்துக்
கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.
வெளியே பனி. குளிராக்கும் என்று நினைத்தேன்.

உள்ளே நான் நிறையப் பேசினேன்.
பனங்கூடலுக்கு அங்கால் கிணறு,
நாங்கள் அள்ளக்கூடாத கிணறு,
அந்தப் பின்னேரம், மூன்று பேர்,
மூவரின் பெயர், தகப்பன்மாரின் பெயர்,
அவர்கள் என்னைக் கூப்பிட்ட பெயர்.
அது என் பெயரல்ல, என் சாதியின் பெயர்.
ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லிச் சொல்லித்தான்.
பொலிசில் மூடி திறக்காத பேனை.
"உங்கட செம்பில வாய் வைக்காத பொடியள்
உன்னில எப்பிடியடி கை வைப்பாங்கள்?"
என்று சிரித்த சார்ஜன்ட்.
பதினொரு நாள் கழித்துப் பார்த்த டொக்டர்
காயம் ஆறிவிட்டது என்று எழுதினார்.
ஆறியதே எனக்கு எதிரான சாட்சி.

நான் நிறுத்தியதும்
அவர் இரண்டு வரி சொன்னார்.
விசைப்பலகை இரண்டு வரிக்கு மட்டும் சத்தம் போட்டது.
டொய்ச் சுருக்கமான மொழியாக்கும் என்று நினைத்தேன்.

எட்டு வருடம், தற்காலிக அனுமதியில்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்:
இரத்தக் கறைக்கு முதலில் பச்சைத் தண்ணீர்,
சுடுநீர் பட்டால் கறை துணியிலேயே தங்கிவிடும்.
இரவு வகுப்பு. பிறகொரு ஞாயிறு
அகராதியோடு என் வாக்குமூலத்தை நானே திறந்தேன்.
ஒன்பதாம் பக்கம், கேள்வி 64:
அயலவர்கள் தாக்கினார்கள். காணித் தகராறு.

அயலவர்.
நாலு தலைமுறையாய் எங்களுக்குத் தராத சொல்.
வேலிக்கு இந்தப் பக்கம் ஒருநாளும் வராத சொல்.
அதை ஒரு நொடியில் கொடுத்துவிட்டார்,
இனாமாக.
காணியோ?
செத்தவரைப் புதைக்கவே அடுத்த ஊருக்குத் தூக்கினோம்.

கீழே என் கையெழுத்து.
தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார்.
வாசித்தவர் அவர்தான்.
நான் சொன்ன ஒரு சொல்லும் குறையாமல்
அன்று முழுவதும் வாசித்தார்,
தாளில் இல்லாததை.

இன்று நிதர்சனாவோடு வந்திருக்கிறேன். இருபத்திரண்டு வயது.
அதே நடைவழி. அவர் மீசை நரைத்திருக்கிறது.
"எவடம் பிள்ளை?"
அவள் வாய் திறக்குமுன் நான் சொன்னேன்,
டொய்ச்சில், அதிகாரியம்மாவுக்கும் கேட்க:
இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கக்கூடாது.

"டெர் இல்லை, டீ" என்றார்.
கேள்வி அந்த மொழியில் பெண்பாலாம்.
அதை மட்டும் பிசகாமல் திருத்தினார்.
அதிகாரியம்மா என்னைப் பார்த்தாள்,
அவரைப் பார்த்தாள்,
கடிகாரத்தைப் பார்த்தாள்.

துணைக்கு வந்தவர் பேசக்கூடாது.
பென்சில் வைத்திருக்கலாம்.
நிதர்சனா ஆறு நிமிடம் பேசினாள்.
அந்தச் சொல்லை ஐந்து தடவை சொன்னாள்,
கடைசித் தடவை குரல் நடுங்காமல்.
ஐந்து கோடு போட்டிருக்கிறேன்.

இப்போது அவர் தொண்டையைச் செருமுகிறார்.