கடைசி இலக்கம்

மைனஸ் முப்பத்தொன்று.
கரகண்டாவுக்கு வடக்கே, சரக்கு யார்டு,
மூன்றாம் தடம், பதினெட்டாவது வண்டி.
கறுத்த எண்ணெய்த் தொட்டியின் வயிற்றில்
உறைபனியைக் கையுறையால் தேய்த்தேன்.

73939133

ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து
முப்பத்தொன்பதாயிரத்து
நூற்று முப்பத்து மூன்று.

கையிலிருந்த கருவி ஏற்க மறுத்தது.
மறுபடி அடித்தேன்.
பிழை.

அறைக்கு வந்து கெட்டிலைப் போட்டுவிட்டு
சும்மாதான் கைபேசியில் வகுத்துப் பார்த்தேன்.
பகா எண்.
கடைசி மூன்றைக் கட்டைவிரலால் மறைத்தேன்:
7393913. அதுவும் பகா எண்.
இன்னொன்றை மறைத்தால் 739391,
பிறகு 73939, பிறகு 7393
(தேநீர் கொதித்து வழிந்து அடுப்பை அணைத்தது)
எழுநூற்று முப்பத்தொன்பது,
எழுபத்து மூன்று,
ஏழு.
வாலை வெட்ட வெட்ட
ஒருத்தருக்கும் பங்கு தராமல் நிற்கிறது.
முதல் ஏழுக்கு எங்கள் ரயில்வேயில்
‘தொட்டி வண்டி’ என்று மட்டுமே பொருள்.

வலப்பக்கம் ஒன்றை ஒட்டினால்?
இரட்டைப்படையும் ஐந்தும் எடுத்த எடுப்பிலேயே போச்சு.
ஒன்றையும் ஏழையும் மூன்று விழுங்கிவிடும்.
மூன்றுக்கும் ஒன்பதுக்கும்
முப்பத்தொன்று வரை காகிதத்தில் வகுத்தேன்,
பிடி கொடுக்கவில்லை.
கைபேசிதான் உடைத்துக் காட்டியது.
இதற்கு மேல் வளராது.
இந்த வகையில் இதைவிடப் பெரியது
எங்குமே இல்லையாம்.

என் பெயர் உல்போசின்.
அடுத்தது பையனாகட்டும் என்று
பெண் குழந்தைக்கு வைக்கிற பெயர்.
எனக்குப் பிறகு யாரும் பிறக்கவில்லை.

பிழை எங்கே என்பது
இதற்குள் தெரிந்துபோயிருந்தது.
ஏழு இலக்கங்களை, ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டித்து,
வந்ததை உதிரி உதிரியாகக் கூட்டினால் முப்பத்தாறு.
நாற்பதாக நான்கு வேண்டும்.
கடைசியில் இருக்கவேண்டியது நான்கு.
பெயின்ட் அடித்தவன் தகடு மாற்றிவிட்டான்.

ரைன்ஹோல்டை எழுப்பினேன்.
திட்டிக்கொண்டே வந்தான், ஒரு கையில் டப்பா,
மறு கையில் நான்கு வெட்டிய தகரம்.
“சுரண்டாமல் விட்டால் என்ன ஆகும்?” என்றேன்.
“வண்டி போகாது,” என்றான்.

இப்போது இரண்டால் வகுபடும். மூன்றாலும்.
கருவி பச்சை காட்டியது.
நாலு நாற்பதுக்குக் கிளம்பிப் போனது.

சுரண்டிய வெள்ளை
தண்டவாளத்துப் பனிமேல் விழுந்திருந்தது.
டார்ச் அடித்துத் தேடினேன்.
எது பனி, எது மூன்று?