ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள எண்

பாயான் லெப்பாசில் இரவு சிஃப்ட் முடிந்து
பாலத்தில் ஏறுகிறது பேக்டரி பஸ்.
மீட்டரில் 510509.
பின்னால் எல்லாரும் தூக்கம்.
வரப்போவது எனக்கு மட்டும் தெரியும்.

ஐந்து லட்சம் தாண்டிய நாளிலிருந்தே
கண் வைத்திருந்தேன்,
சிவப்பு விளக்குகளில்
எண்ணெய் ரசீதுகளின் முதுகில்
பென்சிலால் வகுத்து வகுத்து.

இதோ,
510510.

ஒரே மூன்று இலக்கம், இரண்டு தடவை.
அப்படி அடுத்தடுத்து எழுதினாலே
ஏழும் பதினொன்றும் பதின்மூன்றும்
கூப்பிடாமல் வந்து உட்காரும்.
நம்பாவிட்டால் உங்கள் வீட்டு எண்ணை எழுதிப் பாருங்கள்.
ஐந்நூற்றுப் பத்துக்குள் ஏற்கெனவே
இரண்டு, மூன்று, ஐந்து,
கடைசி சீட்டில் கால் நீட்டிப் பதினேழு.
ஆக முதல் ஏழு பகா எண்களும்
ஆளுக்கொரு இடத்தில்.
நிற்பவர் யாருமில்லை.

எழுநூற்றுப் பதினான்கை
அடுத்த வீட்டு எழுநூற்றுப் பதினைந்தால்
பெருக்கினாலும் இதுவேதான்.
ஜெலுத்தோங் விளக்கில் அதைக் கண்டபோது
பின்னால் லோரிக்காரன் ஹாரனை அழுத்தினான்.
பச்சை எப்போது விழுந்ததோ.

மூன்று பேருக்குப் பங்கு போடு, சண்டையில்லை.
பதினேழு பேருக்குப் போடு, சண்டையில்லை.
இப்படியொரு போனஸ்
எந்தக் கம்பெனியும் கொடுத்ததில்லை.

பத்தொன்பதால் மட்டும் வகுபடாது.
பதினெட்டு மிஞ்சும்.

சூப்பர்வைசர் கூ தரும் தாளிலும் பதினெட்டுதான்:
சுயாத்தி, பினிதா, ரொக்கேயா,
ஒரே இனிஷியலோடு இரண்டு நூர்,
பெயரைச் சரியாகச் சொன்னால் சிரிக்கும் தில்மாயா...
ஏற ஏற டிக் போடுவேன்.
பதினெட்டு ஆனதும் கதவு சாத்துவேன்.

பாலம் நடுவில் முதுகைத் தூக்குகிறது.
பிறைப் பக்கத்து வெயில் நேராகக் கண்ணில்.
எழுபதில் போனால் இந்த எண்ணுக்கு
ஐம்பத்தோரு விநாடி ஆயுள்.
அறுபதுக்கு இறக்கினேன்.
ஒன்பது விநாடி இருந்துவிட்டுப் போகட்டும்.

510511.

ஒற்றை ஒன்று ஏறியதும்
ஏழு பேரும் இறங்கிவிட்டார்கள்.
அவர்களில் யார் வகுத்தாலும்
ஒன்று மிச்சம் நிற்கிறது.
பகா எண்ணோ என்று ஒரு வாரம் சந்தேகம் எனக்கு.
பதினேழு வரை பார்த்துவிட்டு
ரசீதைக் கசக்கிப் போடப் போனேன்.

பிறகு பத்தொன்பது.
இருபத்தாறாயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்பது தடவை.
மிச்சம் பூஜ்ஜியம்.
(அதையும் உடைக்கலாம்:
தொண்ணூற்றேழு, இருநூற்று எழுபத்தேழு.
அதற்கு ஒரு முழு ஜாம் தேவைப்பட்டது.)

கண்ணாடியில் தலைகளை எண்ணினேன்.
பதினெட்டு, வாய் திறந்தபடி சில.
ஓரத்தில்
அரை நெற்றியும் ஒரு பொட்டும்,
தாளில் இல்லாதது.

சுயாத்தி விழித்தாள்.
"காக், வந்துவிட்டோமா?"
பெலும், என்றேன். இன்னும் இல்லை.
அவள் மறுபடி ஜன்னலில் சாய்ந்தாள்.

அடுத்தது 510512.
இரட்டைப்படை.
எண்பதுக்கு ஏற்றினேன்.