ஒன்றரை மீற்றர்

காபனீரொட்சைட்டைப் பாறைக்குள் பூட்டிவைக்கும் சட்டமூலம்
என் மேசைக்கு வந்தபோது
அப்புத்தளையில் மழை விட்டிருந்தது.
நூற்றுப் பதினான்கு பக்கம். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி.

பாறையின் நுண்ணிடைவெளி:
இந்தச் சொல்லுக்கே இரண்டு நாள்.
அந்த இடைவெளி அரசுக்குச் சொந்தம் என்கிறது ஒன்பதாம் பிரிவு.
மேலுள்ள நிலத்தின் உரிமையாளருக்குப்
பதிவுத் தபாலில் அறிவித்தல் என்கிறது பத்து.
லயத்துக்குப் பதிவுத் தபால் வந்ததில்லை.
நாற்பது காம்பராவுக்கும் ஒரே விலாசம்,
தோட்டத்து ஆபீஸ்.

துளையை மூடி இருபது வருடம் கம்பனி பொறுப்பு.
பிறகு என்றென்றைக்கும் அரசாங்கம்.
என்றென்றைக்கும்.
ஏழு பேர்ச் கடிதங்கள் எத்தனையோ மொழிபெயர்த்திருக்கிறேன்,
ஒன்றிலாவது இந்தச் சொல் வந்ததா?

கருத்துக் கேட்கும் கூட்டம் பிள்ளைக்காம்பராவில்.
எஞ்சினியர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில்:
கசிந்தால் கருவி கூவும்.
தரையிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் பொருத்துவோம்.

கொழுந்துச் சாக்கை மடித்து அதன்மேல் உட்கார்ந்திருந்த
இராஜபாக்கியம் கேட்டாள்:
அந்தக் காத்து கனமா, லேசா?

கனம். சாதாரணக் காற்றைவிட ஒன்றரை மடங்கு.

அப்ப பீலித் தண்ணி மாதிரி பள்ளத்துக்குத்தானே வரும்.
பங்களா மேல. நாங்க பள்ளத்துல.
ஒன்றரை மீற்றர்னா எம்புட்டு?

என் நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன்.
அவள் குனிந்து
சிமெந்துத் தரைக்கு மேலே ஒரு சாண் அளந்து
உள்ளங்கையை அங்கேயே பிடித்திருந்தாள்.
படுத்தா எங்க தலை இங்கன இருக்கும்.

சொன்னேன். எஞ்சினியர் எழுதிக்கொண்டார்.
பேனை நன்றாகத்தான் ஓடியது.

இறுதிப் பிரதி மாறவில்லை.
அட்டவணையின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: ஒரு சாண்.
செயலாளர் சிவப்பில் வெட்டினார்.
இது கருத்து, மொழிபெயர்ப்பல்ல.
சரிதான். அதில் ஒரு காற்புள்ளிகூட என்னுடையதில்லை.

கடைசிப் பிரிவை விரல்கள் பாராமலே அடிக்கும்,
பதினொரு வருடப் பழக்கம்:
உரைகளுக்கிடையே ஒவ்வாமை ஏதேனும் ஏற்படுமாயின்
சிங்கள உரையே மேலோங்கி நிற்றல் வேண்டும்.

மேலோங்கி
என்ற இடத்தில் விரல் நின்றது.

அன்றிரவு கட்டிலிலிருந்து இறங்கித்
தரையில் படுத்துப் பார்த்தேன்.
மூக்குக்கும் சிமெந்துக்கும் நடுவே கையை விட்டேன்.
ஒரு சாண் இல்லை.
நாலு விரல்.
அவள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருக்கிறாள்.