வட்ட வீட்டில் ஒரு வெயில் துண்டு

மங்கோலியப் புல்வெளியில்
கம்பளி போர்த்திய வட்ட வீடு.
ஜன்னல் இல்லை, மூலை இல்லை.
(யாரையும் மூலையில் உட்காரவைக்க முடியாது!)
கூரை நடுவே ஒரு வட்டத் திறப்பு.
புகை அதன் வழியே போகும்,
வெயில் அதன் வழியே வரும்.

காலையில் வந்த வெயில் துண்டு
மேற்குக் கூரைக் கழியில் தொற்றிக்கொண்டது.
"என்னுது!" என்றான் தெர்கெல்.
ஐந்து வயது.
தெர்கெல் என்றால் அவர்கள் மொழியில் முழுநிலா.
நிலாவுக்குச் சூரியன் மேல் ஆசை, பார்!

பால் குடித்துவிட்டுத் திரும்பினால்
துண்டு இறங்கிவிட்டது,
குதிரைச் சேணத்தின் மேல்.
"யார் நகர்த்தினது?"
"நான் இல்லப்பா" என்றாள் அக்கா ஹுலான்.
ஆட்டுக்குட்டி "மே" என்றது.
அதுவும் இல்லையாம்.

தரைக்கு வந்ததும்
வெயில் நடுவே ஒரு கூழாங்கல்லை வைத்தான்.
"இப்ப நகரு பார்க்கலாம்."
நகர்ந்தது.
கல் மட்டும் நிழலில் நின்றது.
தொட்டால் இன்னும் வெதுவெதுப்பு.
கொஞ்ச நேரம்தான்,
பிறகு அதுவும் ஆறிப்போனது.

கோபத்தில் வெளியே ஓடினான்.
நேற்றைய மழைக்குட்டை எங்கே?
குதிரை குடித்திருக்குமோ?
குதிரை மலைக்கு அந்தப்பக்கம்.
வெடித்த சேறும் அவன் பூட்ஸ் தடமும்தான் மிச்சம்.
தண்ணீரை உறிஞ்சியது மண் கொஞ்சம்,
காற்றோடு மேலே அனுப்பியது வெயில் மிச்சம்.

கூரைமேல் அம்மா பரப்பிய தயிர்க்கட்டி
முந்தாநாள் மெத்தென்றிருந்தது,
இன்று கடித்தால் பல் கெஞ்சும்.
நீலப் பீப்பாய்
வெயில் பக்கம் வெளுத்து,
நிழல் பக்கம் மட்டும் நீலம்.
அப்பாவின் போனுக்குச்
சோறூட்டிக்கொண்டிருந்தது சூரியத் தகடு.
மோட்டார் சைக்கிள் சீட்டில் ஏறினான்.
"ஆ!"
ஏறிய வேகத்திலேயே இறங்கினான்.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன்:
துண்டை நகர்த்தியது வீடுதான்.
வீடு, அடுப்பு, ஆட்டுக்குட்டி, தெர்கெல்,
நீ, நான், பூமி மொத்தமும்
மெதுவாய்த் திரும்பிக்கொண்டே இருக்கிறோம்.
அவனுக்கு எப்படித் தெரியும்?
தலை சுற்றவே இல்லையே!

மாலையில் துண்டு
கிழக்கே பாத்திர அலமாரியில் ஏறியது.
பூனைபோல் போனான்,
கிண்ணத்தால் கவிழ்த்து மூடினான்.
"பிடிச்சிட்டேன்!"

வெயில்
கிண்ணத்தின் முதுகில் உட்கார்ந்திருந்தது.

நாளைக்குக்
கயிறு கொண்டுவருவானாம்.