பதினோரு விநாடி

கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கியது நான்தான்.
ராயபுரம், துறைமுகத் தொழிலாளர் சங்கக் கட்டடம், மூன்றாம் மாடி.
வசனம் கேட்கவில்லை என்று
படம் முழுக்க மின்விசிறியை நிறுத்திவைத்திருந்தார்கள்.
ஜூன் மாதம். முப்பத்தொரு பேரின் வேர்வை.

தைவான் படம்.
படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் ஒருத்தி.
கடைசிப் படகுக்கு வரும் சிலிண்டர்காரன்
மீதிச் சில்லறைக்காகக் கண்ணாடித் துளைக்குள் கை நீட்டுவான்.
நூற்றுப் பத்து நிமிடத்தில்
அவள் அந்தக் கையைத் தொடவே இல்லை.
அவன் எழுந்துபோன பெஞ்சில்
சூடு ஆறுமுன் போய் உட்கார்கிறாள்,
அவ்வளவுதான்.
ஓரிடத்தில் மட்டும் திரை கறுத்தது.
பதினோரு விநாடி.
தணிக்கையில் வெட்டியது என்றார்கள்.
இல்லை, படமே அப்படித்தான் என்றார் எட்வின்.

பிறகு பேசினார்கள்.
பேராசிரியர், நீர் ஒரு குறியீடு என்றார்.
போன மாதம் பாலைவனப் படத்துக்கும்
அதையேதான் சொன்னார்.
பசியை விட்டுவிட்டு ஆசையைப் படமெடுப்பவன்
யார் வீட்டுச் சோறு தின்கிறான் என்று கேட்டார் ஒரு தோழர்.
நியாயமான கேள்வி.
கேட்டுக்கொண்டே சமோசாத் தட்டைத்
தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.
ஐரோப்பாவில் எழுந்து நின்று கைதட்டினார்களாம், ஏழு நிமிடம்.
அதையும் யாரோ எண்ணியிருக்கிறார்கள்.
மறுநாளே அந்த ஊர்ப் பத்திரிகை
தூக்க மாத்திரை என்று எழுதியதாம்.

சுற்றிச் சுற்றி எல்லாரும் வந்து நின்றது
அந்தக் கறுப்பில்தான்.
முதுகா, தொடையா,
அவன் கை எதுவரை போயிருக்கும்.
என்னை யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

இதழுக்கு அறுநூறு சொல், திங்கட்கிழமைக்குள்.
'வி. பாக்கியநாதன்' என்று எழுதுவேன்.
என் வீட்டுக்காரர் பெயர்.
மணலி கம்பெனியில் ஷிஃப்ட், சினிமா ஆகாது அவருக்கு.
இந்த மாதிரிப் படத்துக்குப் பெண்பெயர் போட்டால்
கடிதமாக வந்து குவியும் என்று
ஆசிரியர் கிருபாகரனுக்குப் பயம்.
எனக்கு இல்லை என்றும் சொல்ல முடியாது.

கொருக்குப்பேட்டை வந்தபோது கேட் போட்டுவிட்டான்.
எண்ணெய் டேங்கர் ரயில்,
வால் எங்கே இருக்கிறதோ.
ஒவ்வொருத்தராக இன்ஜினை அணைத்தார்கள்.
பக்கத்தில் மீன்பாடி வண்டி.
பெயர் தெரியாது.
செவ்வாய், வெள்ளி, இதே நேரம், இதே கேட்.
ஹேண்டிலில் கிடந்தது கை,
முழங்கைவரை ஐஸ் ஈரம்,
ரோமத்தில் ஒரே ஒரு செதில்
கேட் விளக்கின் சிவப்பை வாங்கி மினுங்கிக்கொண்டு.
நான் டேங்கரை எண்ணினேன். பதினாறு. பதினேழு.
அதை எடுத்துவிடலாம் என்று தோன்றியது,
எனக்கல்ல,
என் ஆள்காட்டி விரலுக்கு.
பிரேக்கைப் பிடித்துக்கொண்டேன்,
நின்றிருந்த வண்டியில்.
எத்தனை விநாடி தெரியாது, எண்ணிக்கை தவறிவிட்டது.
"கேட்டு தொறந்து எவ்ளோ நேரம் ஆவுது, எடுக்கா வண்டிய" என்றான்
பின்னால் ஒரு பையன்.

அன்றிரவே எழுதி முடித்தேன்.
டிக்கெட் கிழிப்பவளைப் பற்றி நான்கு பத்தி,
கேட்டைப் பற்றி ஒன்று.
கிருபாகரன் போன் செய்தார்.
"நல்லா வந்திருக்கும்மா.
அந்த கேட்டு மட்டும் எதுக்கு?
படத்துல ரயிலே வரலியே."
எடுத்துவிடச் சொன்னேன்.

இதழ் வந்தது. இரண்டு கடிதமும் வந்தது.
ஆண் மனசை இவ்வளவு துல்லியமாக
யாரும் பிடித்ததில்லை என்று ஒருவர், தாம்பரத்திலிருந்து.
பாக்கியநாதன் பார்த்தார்,
தன் பெயரை ஒருமுறை படித்தார்,
ஈ விழாமல் டீ டம்ளரை அதால் மூடிவைத்துவிட்டுக்
குளிக்கப் போனார்.

வெள்ளிக்கிழமை கேட் திறந்தே கிடந்தது.
நிற்க ஒரு காரணமும் இல்லாமல்
தண்டவாளத்தின் மேல் ஏறி இறங்கினேன்,
குலுங்கி,
இன்னொருமுறை குலுங்கி.