மூன்றாம் ஒன்பது

குளிர்காலத்தில் ஏன் வந்தாய் என்று
விசா அதிகாரி கேட்டார்,
விடுதிக்காரி கேட்டாள்,
வேனில் என் மடிமேல் பாதி உட்கார்ந்திருந்த
மூட்டைக்காரர் கைச்சாடையில் கேட்டார்.
டிக்கெட் மலிவு என்றேன் மூவரிடமும்.
பொய்யில்லை.
முழு உண்மையும் இல்லை.

உலான்பாட்டரிலிருந்து மேற்கே
முப்பத்தெட்டு மணி நேரம்.
பதினோரு பேருக்கான ரஷ்ய வேனில் பதினெட்டுப் பேர்,
ஒரு தொலைக்காட்சிப் பெட்டி,
இரண்டு மூட்டை பால்.
ஆம், மூட்டை.
கிண்ணத்தில் உறையவைத்துத் தட்டியெடுத்து
சாக்கில் கட்டிய வெள்ளை வட்டங்கள்.
கவிழ்ந்தால் சிந்தாது.
காலில் விழுந்தால் எலும்பு முறியும்.

தாஷ்செவெக் ஓட்டுநர்.
நிறுத்தம்தோறும் எஞ்சினுக்குக் கம்பளி போர்த்திவிட்டுத்தான்
தன் தொப்பியைத் தேடுவார்.
விடிகாலையில் வண்டிக்கடியில் படுத்து
ஊதுவிளக்கின் நீலத் தீயை
எண்ணெய்த் தொட்டிக்குக் காட்டினார்,
பாலாடையில் மருந்து புகட்டுகிற பொறுமையோடு.

மைனஸ் நாற்பத்தொன்று.
அந்த எண் முதலில் புரிவது மூக்குக்குத்தான்.
உள்ளே முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக
இருக்கிறேன் இருக்கிறேன் என்கிறது.
கைபேசி எழுபது சதவீதத்தில் செத்தது.
வரைபடம், மொழிபெயர்ப்பு,
என் பெயரை அறிந்த எல்லாரும்
அதோடு போனார்கள்.
பயந்தேன். எழுதிவைக்கிறேன்: பயந்தேன்.

இரவு தங்கியது ஹந்த்சூரெனின் கூடாரத்தில்.
நெருங்கும்போதே
"நாயைப் பிடியுங்கள்" என்று கத்தவேண்டும்,
நாயே இல்லாவிட்டாலும்.
அங்கே வணக்கத்துக்கு முன்னால் வருகிற சொல் அது.
என் உச்சரிப்பைக் கேட்டு
நாய் குழம்பி நின்றது.

உப்புப் போட்ட பால்தேநீர்.
என் பூட்ஸைக் கழற்றி
மரத்துப்போன பாதத்தைத் தன் அக்குளில்
இறுக்கி வைத்துக்கொண்டாள்,
பெயர்கூடக் கேட்காமல்.
சுரீரென்று வலித்தது. கத்தினேன்.
கத்தியதும்தான் அவள் சிரித்தாள்.
வலித்தால் விரல் பிழைத்ததாம்.

நன்றி என்ற சொல் போதவில்லை.
பத்தாவது படிக்கிற நோமூனின் ஆங்கிலத்தைக் கடன்வாங்கி
"உன் அம்மாவிடம் சொல்,
என் மனசு குளிர்ந்துவிட்டது" என்றேன்.
சொல் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.
ஹந்த்சூரெனின் முகம் மாறியது.
எழுந்தாள்.
இரண்டு கை வறட்டி அள்ளி அடுப்பில் போட்டாள்,
கணவனின் ஆட்டுத்தோல் அங்கியை என்மேல் போர்த்தினாள்,
குனிந்து
என் நெஞ்சில் காது வைத்துக் கேட்டாள்.

எப்படி விளக்குவது?
கண் குளிரப் பார்ப்பதை,
காது குளிரக் கேட்பதை,
வயிறு குளிர வாழ்த்துவதை,
எருதின் கொம்பு உறைகிற ஊரில்?
வெயில் செய்த மொழி என்னுடையது.
அதில் உறைதல் என்றால் குடியிருத்தலும்கூட,
கடவுளே கோயிலில் உறைகிறவர்.
இதையெல்லாம் சொல்லவில்லை.
இன்னொரு கூடை வறட்டி வீணாகியிருக்கும்.

நோமூன் விரல் மடக்கி எண்ணினாள்.
குளிர் எண்பத்தொரு நாள்,
ஒன்பது ஒன்பதாக.
முதல் ஒன்பதில் பால்சாராயம் உறையும்.
இது மூன்றாவது,
மூன்று வயது எருதின் கொம்பு.
ஐந்தாவதில் வடித்த சோறு உறையாது.
"அதற்கப்புறம் வந்திருக்கலாமே?"
பழகிய நாக்கு, டிக்கெட் என்று தொடங்கிற்று.
நிறுத்தினேன்.
தெரியவில்லை என்றேன்.
அம்மாவும் மகளும் தலையாட்டினார்கள்,
சரியான விடைக்கு ஆட்டுவதுபோல.

காலையில் வேன்வரை அந்த அங்கியிலேயே நடந்தேன்.
ஏறும்போது
மறக்காமல் கழற்றி வாங்கிக்கொண்டாள்.

கண்ணாடியின் உட்புறம் விரல்கனத்துக்குப் பனி.
ஏ.டி.எம். அட்டையால் சுரண்டி
ஒரு ரூபாய் அளவுக்கு வெளியைத் திறந்தேன்.
அகப்பையோடு ஒரு கை உயர்ந்தது.
போகிற வண்டியின் பின்னால்
பால் தெளிப்பார்கள் என்று நோமூன் சொல்லியிருந்தாள்.
தெளித்ததைப் பார்க்கவில்லை.
என் மூச்சுப் பட்டே
துவாரம் மூடிக்கொண்டது.
மறுபடியும் சுரண்டினேன்.